யோபின் பொறுமையும் நெசவாளியின் கூலியும்

பொறுமைக்கு உவமை சொல்ல வேண்டுமென்றால் நம்மவர் நிலமகளைச் சொல்வார்கள். கிறித்தவ இல்லங்களில் யோபுவைச் சொல்வார்கள். இரண்டு உவமைகளிலும் நமக்கு நெடுநாளாக ஒரு சங்கடம் உண்டு. நிலத்தைத் தோண்டுகிறவன்தான் நிலத்தின் பொறுமையைப் புகழ்கிறான். யோபுவின் பொறுமையையும் பெரும்பாலும் யார் யாரிடம் எடுத்துச் சொல்கிறார்கள் என்று கவனித்தால் அதே கதைதான். இந்தச் சங்கடத்தை எங்களுக்குள் பேசிப் பேசி விட்டிருந்தோம். அதை எழுதத் தூண்டியது கலசப்பாக்கத்தில் ஒரு தறிவீட்டில் கேட்ட ஒரு கேள்வி.

கலசப்பாக்கம், போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடைப்பட்ட பகுதியில், செய்யாற்றங்கரையில் இருக்கும் ஊர். ஆண்டுதோறும் ரத சப்தமியன்று அண்ணாமலையார் தம் ஊரை விட்டுப் புறப்பட்டு இங்கே தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். உள்ளூர்த் திருமாமுடீஸ்வரர் அவரை எதிர்கொள்வார். நண்பர்கள் நால்வர் அதைப் பார்க்கத்தான் போயிருந்தோம். கூட்டம் கலைந்தபின் நண்பர் ஒருவருக்குத் தெரிந்த நெசவாளர் வீட்டில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தோம். கடைகளில் ஆரணிப் பட்டு என்று விற்கும் சேலைகள் அனைத்தும் ஆரணி நகருக்குள் நெய்யப்படுபவை அல்ல. சுற்று வட்டாரச் சிற்றூர்களின் முன்னறைகளில், குழித்தறிகளில் நெய்யப்படுபவையும் அதில் உண்டு. வியாபாரி பட்டும் ஜரிகையும் பாவும் கொடுப்பார்; நெசவாளி குடும்பம் உழைப்பைக் கொடுக்கும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. தறியில் உட்காருகிறவருக்கு மட்டும் அந்தக் கூலி. தார் சுற்றும் மனைவிக்கும், அறுந்த இழையை முடிந்து தரும் மகளுக்கும் தனியாக எதுவும் இல்லை.

அவர்கள் வேதக்காரர்கள்; தாத்தா காலத்தில் சேர்ந்ததாம். தறிக்கு மேலே சுவரில் நாளொரு வசனம் அச்சிட்ட தினக் காலண்டர். கிழித்த தாள்களைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார் பெரியவர். அவற்றின் பின்பக்கத்தில் பென்சிலால் கூலிக் கணக்கு. மூன்று சேலைக்கான கூலி மாதக்கணக்கில் வராமல் நின்றிருந்தது. 2020-இல் ஊரடங்கின்போது திருமணங்கள் சுருங்கித் தறிகள் நின்றதையும், மறு ஆண்டு பட்டு நூல் விலை ஏறியதைச் சாக்கிட்டுக் கூலி உயராமல் போனதையும் அவர் ஆத்திரமில்லாமல் சொன்னார். பிறகு, வெளியூர்ப் போதகர் ஒருவர் வந்து ஜெபித்துவிட்டு யோபுவைப்போல் பொறுமையாயிருக்கச் சொல்லிப் போனதைச் சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்துக் கேட்டார்:

“யோபு பொறுத்தாரு பொறுத்தாருன்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி. அவருக்குக் கூலி பாக்கி வெச்சது யாருன்னு ஒருத்தரும் சொல்லலியே?”

படித்தவர்கள் என்று பெயர் வாங்கிய எங்களிடம் அப்போது விடை இல்லை. ஊர் திரும்பியபின் யோபுவின் புத்தகத்தை, நாற்பத்திரண்டு அதிகாரங்களையும், முதலிலிருந்து படித்தோம். இலக்கிய வாசகர்கள் பலரும் இந்நூலைப் பக்தி நூல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பக்தர்கள் பலரும் முதல் இரண்டு அதிகாரங்களையும் கடைசி அதிகாரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு நடுவே உள்ளதை ஒதுக்கிவிடுகிறார்கள். இரு சாராருக்கும் நட்டம்.

நூலின் அமைப்பே இந்தத் தவறுக்கு இடங்கொடுக்கிறது. தொடக்கமும் முடிவும் உரைநடைக் கதை. ஊத்ஸ் தேசத்துச் செல்வர் ஒருவர் மந்தைகளையும் மக்களையும் உடல்நலத்தையும் இழக்கிறார். இழந்தும் கடவுளைப் பழிக்கவில்லை. இறுதியில் 7,000 ஆடுகள் 14,000 ஆகவும் 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆகவும் திரும்பி வருகின்றன. (பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாகவில்லை. முன்பு இருந்த அதே ஏழு மகன்கள், மூன்று மகள்கள் என்ற எண்ணிக்கைதான். இறந்த பிள்ளைகளுக்கு ஈடு செய்ய முடியாது என்று அந்தப் பழங்காலக் கதாசிரியனுக்குத் தெரிந்திருக்கிறது போலும்.) இக்கதையை மட்டும் சொன்னால் பொறுத்தார், பெற்றார் என்று பத்து நிமிடத்தில் பிரசங்கம் முடிந்துவிடும். ஆனால் மூன்றாம் அதிகாரத்தில் யோபு வாயைத் திறக்கிறார், கவிதை தொடங்குகிறது. தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். கடவுளை வழக்குமன்றத்துக்கு அழைக்கிறார். என்மேல் ஏன் இத்தனை கண் என்று கேட்கிறார். ஏறக்குறைய முப்பது அதிகாரங்களுக்கு அவர் பொறுமையாக இல்லை என்பதே உண்மை.

பொறுமையைப் போதிக்கிறவர்கள் வேறு ஆட்கள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள். வந்தவுடன் அவர்கள் செய்தது அருமையான காரியம்: ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேசத் தொடங்கியதும்தான் கெட்டது. கடவுள் நீதியுள்ளவர், ஆகவே உனக்கு நேர்ந்ததற்கு உன்னிடம் காரணம் இருக்க வேண்டும், அடங்கி மன்னிப்புக் கேள் என்பதுதான் அவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னது. சமய நோக்கில் அவர்கள் சொன்னதில் பெரிதாகப் பிழை காண முடியாது, அழகாகவும் சொல்கிறார்கள். ஆனால் கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் அவர்கள்மேல்தான் மூள்கிறது. தம் அடியானாகிய யோபு பேசியதுபோல் அவர்கள் தம்மைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். கடவுளுக்காக வாதாடியவர்கள் குற்றவாளிகளாகிறார்கள். கடவுளோடு வாதாடியவர் சரியாகப் பேசியவராகிறார். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எத்தனை பிரசங்கங்களைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிக் கண்பார்வை இழந்த சுந்தரர், திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் ஒரு கண்ணும், திருவாரூரில் மறு கண்ணும் பெற்ற கதை நமக்குத் தெரியும். வழியெல்லாம் அவர் பணிந்து மட்டும் பாடிக்கொண்டு போகவில்லை. சிவனை நேருக்கு நேர் நின்று இடித்துரைத்தார். நிந்தாஸ்துதி என்று அதற்கொரு பெயரிட்டு நாம் பத்திரப்படுத்திக்கொண்டோம். சுந்தரர் தம் குற்றத்தை அறிந்தவர். யோபு தம்மிடம் குற்றமில்லை என்பவர். அந்த வேறுபாடு பெரிது. ஆனால் நம்பாதவனிடம் யாரும் இப்படிச் சண்டை போடமாட்டார்கள் என்ற இடத்தில் இருவரும் சேர்ந்து நிற்கிறார்கள். வழக்கு எதிராளிமேல் உள்ள நம்பிக்கையிலிருந்து பிறக்கிறது. எதிரில் ஆளே இல்லை என்று நினைப்பவன் எழுந்து போய்விடுவான்.

இந்நூலின் ஏழாம் அதிகாரத்தில் தறிவீட்டுக்காரர்கள் நின்று படிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. தம் நாட்கள் நெசவாளியின் நாடாவைவிட வேகமாக ஓடி, நம்பிக்கையற்று முடிகின்றன என்று யோபு அங்கே புலம்புகிறார். எபிரேய மூலத்தில் நம்பிக்கை என்பதற்கு வரும் சொல் திக்வா. அச்சொல்லுக்கு நூல், கயிறு என்றும் பொருளுண்டு. எரிகோ பட்டணத்தில் ராகாப் தன் சன்னலில் கட்டிய சிவப்பு நூலைக் குறிக்க யோசுவாவின் புத்தகத்தில் அதே சொல்தான் வருகிறது. ஆகவே நூல் தீர்ந்து முடிகின்றன, நம்பிக்கை தீர்ந்து முடிகின்றன என்று இரண்டுமாகக் கேட்கும்படி அந்த வரி அமைந்திருக்கிறது. மொழிபெயர்ப்பில் இந்தச் சிலேடை தங்காது. ஆனால் தமிழ் வேதாகமம் அங்கே நாடா என்ற சொல்லைப் போட்டிருக்கிறது. எசேக்கியா அரசன் நோயிலிருந்து தேறியபின் எழுதியதாக ஏசாயாவில் வரும் பாடலில், பாவு என்ற சொல்லைப் போட்டிருக்கிறது. இரண்டும் இன்றும் ஆரணிப் பக்கத்தில் தறிமேல் புழங்கும் சொற்கள்.

அதே அதிகாரத்தில் இன்னொன்று. நாடாவுக்கு நான்கு வசனங்கள் முன்னால், தம்மை அந்திப்பொழுதுக்கு ஏங்கும் வேலைக்காரனுக்கும், கூலியை எதிர்பார்த்திருக்கும் கூலிக்காரனுக்கும் யோபு ஒப்பிடுகிறார். தாங்க முடியாத காத்திருப்புக்கு அந்தப் பெருஞ்செல்வருக்கு அகப்பட்ட உவமை கூலி வராத தொழிலாளி! பெரியவரின் கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது. யோபுவுக்கு யாரும் கூலி பாக்கி வைக்கவில்லை. அவர் கூலி வாங்கியவரல்லர், கொடுத்தவர். முப்பத்தோராம் அதிகாரத்தில் அவர் நீளமாகச் சத்தியம் செய்கிறார்: வேலைக்காரனும் வேலைக்காரியும் வழக்கோடு வந்தபோது அவர்கள் நியாயத்தை அலட்சியம் செய்ததில்லை, விலை கொடாமல் நிலத்தின் விளைவை உண்டதில்லை. தம்மை நீதிமான் என்று அவர் துணிந்து சொல்வதற்கு ஆதாரமாகக் காட்டுவதில் இந்தக் கணக்கும் சேர்ந்திருக்கிறது. ஆக, யோபுவைக் காட்டிப் புத்தி சொல்வதானால் முதலில் சொல்ல வேண்டியது தறிக்காரரிடம் அன்று, பட்டு கொடுப்பவரிடம்.

யோபின் பொறுமை என்ற தொடர் எங்கிருந்து வந்தது? புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபத்தில் ஐந்தாம் அதிகாரம் பதினோராம் வசனத்திலிருந்து. கிறித்தவ வீடுகளில் குழந்தைக்கும் தெரிந்த தொடர். அதே அதிகாரத்தில், ஏழு வசனங்கள் முன்னால், வயலை அறுத்தவர்களின் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அறுத்தவர்களின் அழுகை சேனைகளின் கர்த்தருடைய காதுக்குப் போய்விட்டது என்றும் யாக்கோபு செல்வர்களைப் பார்த்துச் சொல்கிறார். அதாவது, பொறுத்திருங்கள் என்று கூலிக்காரருக்குச் சொல்வதற்கு முன்பே, அழுங்கள் அலறுங்கள் என்று முதலாளிகளுக்குச் சொல்லிவிட்டார். முதலில் சொன்னதை விட்டுவிட்டுப் பிறகு சொன்னதை மட்டும் எடுத்துப்போய் ஒரு தறிவீட்டில் வைப்பது வேதவாசிப்பு ஆகாது என்பது எங்கள் கருத்து. அந்தப் போதகர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். எலிப்பாஸுக்கும் நல்லெண்ணம் இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். துன்பத்தில் கடவுளை நம்புவது உண்மையில் பலரை உயிரோடு வைத்திருக்கிறதே, அதைக் கேலி செய்வதா? கேலி செய்யவில்லை. அந்த வீட்டு அம்மா விடியற்காலையில் தறிக்குழியருகே முழங்காலிட்டுவிட்டுத்தான் தார் சுற்றத் தொடங்குவாராம். அதை மதம் ஓர் அபின் என்ற ஒரு சொல்லால் கடந்துபோகும் முற்போக்கு நண்பர்கள், 1844-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் அந்தச் சொல்லுக்கு முந்தைய வரியையும் படித்திருக்கலாம். எங்கள் பேச்சு ஒருவர் தாமே கண்டுகொள்ளும் நம்பிக்கையைப் பற்றியதன்று. அதை அடுத்தவருக்கு மருந்துச்சீட்டுபோல் எழுதிக் கொடுப்பதைப் பற்றியது.

அந்த நம்பிக்கைகூட எத்தனை மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதற்கு இந்நூலின் பதின்மூன்றாம் அதிகாரமே சான்று. கடவுள் தம்மைக் கொன்றாலும் அவரையே நம்பியிருப்பேன் என்று யோபு சொல்வதாகப் பெரும்பாலோர் அறிந்த வாக்கியம் அங்கே இருக்கிறது. மூலத்தில் எழுதப்பட்டிருக்கும் எழுத்துப்படி வாசித்தால், அவர் என்னைக் கொல்லப்போகிறார், எனக்கு நம்பிக்கை இல்லை என்று பொருள் வரும். யூத மரபில் எழுதியதை அப்படியே விட்டுவிட்டு, வாசிக்கும்போது வேறாக வாசிக்கும்படி ஓரத்தில் குறிப்பெழுதும் வழக்கமுண்டு. அக்குறிப்பின்படி வாசித்தால் அவரையே நம்புவேன் என்றாகிறது. இரண்டு சொற்களுக்கும் ஒலி ஒன்றே, லோ. ஓர் எழுத்துத்தான் வேறு. காதுக்கு இரண்டும் ஒன்றாய்க் கேட்கிற அந்த இடத்தைப் படியெடுத்தவர்கள் திருத்தி ஒழுங்குபடுத்தாமல் இரண்டையும் காத்து வைத்தார்களே, அதைவிட நேர்மையான உரை வேறு இருக்க முடியாது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இந்த வரிகளையெல்லாம் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரின் வாழ்க்கையையும் இங்கே சொல்ல வேண்டும். யோகான் பிலிப் பப்ரிசியஸ் (1711–1791) 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் இருந்த ஜெர்மானியப் பாதிரி. வேதாகமத்தைப் புதிதாகப் பெயர்த்தார். 1779-இல் ஒரு தமிழ்–ஆங்கில அகராதியும் வெளியிட்டார். பிற்காலத்து மொழிபெயர்ப்பாளர்கள் அவர் மொழிபெயர்ப்பின்மேல் நின்றுதான் கட்டினார்கள். அத்தகையவர் பணவிவகாரங்களில் சிக்கி, கடனாளியாகி, முதுமையில் சிறையிலும் இருந்தார். காலமும் கொடியது. 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பு தொடங்கி, ஆற்காட்டு நாடு முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. ஹைதரின் தளவாடக் கிடங்கு ஆரணியில் இருந்தது. 1782 ஜூன் 2-ஆம் நாள் அயர் கூட்டின் படைக்கும் அவருக்கும் அங்கே சண்டை நடந்தது. ஊர்களைவிட்டு ஓடிவந்தவர்களால் சென்னையில் பஞ்சம். மணியக்காரர் சத்திரம் அப்பஞ்சத்தின் கஞ்சித்தொட்டியிலிருந்து தோன்றியதுதான்.

பப்ரிசியஸை யோபுவாக்கிப் பார்க்க நாங்கள் விரும்பவில்லை. யோபு தம்மேல் கடனில்லை என்று கணக்குக் காட்டியவர். இவர் கணக்குத் தெரியாதவர். பணத்தை இழந்தவர்களுக்கும் ஒரு வழக்கு உண்டு. பக்திமான் என்பதால் அது தள்ளுபடியாகாது. ஆனால் தமிழில் யோபுவின் வழக்கைப் படிக்கும்போது, அந்தச் சொற்களுக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர் கடன்காரர்களுக்கு விடைசொல்ல முடியாமல் அடைபட்டிருந்தவர் என்ற எண்ணம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1876–78 பெரும்பஞ்சத்தில், மாயூரம் வேதநாயகம் பிள்ளை இன்னொரு விதமாக நடந்தார். பஞ்ச நிவாரண வேலைக்கு ஓர் ஆண்மகனின் நாட்கூலியாக ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877-இல் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்ட காலம் அது. பிள்ளை கத்தோலிக்கர், முன்சீப் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தவர். பஞ்சத்தைத் தீர்க்கச் சொல்லிக் கடவுளிடம் முறையிட்டுக் கீர்த்தனைகள் பாடினார். பாடிக்கொண்டே தம் பொருளைக் கொண்டு பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். அதைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிப் பாடினார். வேதநாயகம் பிள்ளையை முதல் தமிழ் நாவலாசிரியர் என்று மட்டும் பாடப்புத்தகத்தில் வைத்துவிட்டோம். பசித்தவனிடம் பொறுமையைப் பாடாமல் கடவுளிடம் அவசரத்தைப் பாடியவர் என்ற வகையில் அவரை யாராவது விரிவாக எழுத வேண்டும்.

யோபுவின் முடிவில் கடவுள் சூறாவளியிலிருந்து பேசுகிறாரே, அந்தப் பேச்சு பதிலா என்பது எங்களுக்குள்ளேயே தீராத சண்டை. பனியின் களஞ்சியம், வரையாடு ஈனும் காலம், முட்டையை மண்ணில் விட்டுப்போகும் தீக்கோழி என்று நான்கு அதிகாரங்கள். கேட்ட கேள்விக்கு ஒரு வரி விடையில்லை. எங்களில் ஒருவர் அதை அதிகாரத்தின் மிரட்டல் என்கிறார். இன்னொருவர், மனிதன் அரங்கின் நடுவில் இல்லை என்று காட்டியதே ஆறுதல் என்கிறார். நாங்கள் ஒத்துப்போன ஒரே இடம், நண்பர்களைப்போல் கடவுள் காரணம் சொல்லவில்லை என்பது. உன் பாவத்தால் வந்தது என்று சொல்லவில்லை. சோதனைக்காக வந்தது என்றும் யோபுவிடம் சொல்லவில்லை. முதலிரண்டு அதிகாரங்களில் நடந்த பந்தயம் வாசகருக்குத்தான் தெரியும், யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது.

சில மாதங்கள் கழித்து மறுபடியும் கலசப்பாக்கம் போனோம். செய்யாறு மணலாய்க் கிடந்தது. தறியில் பழைய பாவு தீர்ந்து, அதன் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியில் ஒரு சேலைக் கூலி வந்திருந்தது, இரண்டு வரவில்லை. திக்வா என்ற சொல்லைப் பற்றி நாங்கள் சொன்னதைப் பெரியவர் கேட்டுக்கொண்டார். அவ்வளவாக அசைந்ததாகத் தெரியவில்லை. “தார் தீந்து போச்சுன்னா நாடா ஓடத்தான் செய்யும் தம்பி. துணிதான் ஏறாது” என்றார்.

யாக்கோபு நிருபத்தைச் சொன்னபோது மட்டும் கையை நிறுத்தினார். எந்த அதிகாரம், எத்தனையாவது வசனம் என்று கேட்டார். சொன்னோம். கம்பியிலிருந்து அந்தக் கணக்குத் தாளை உருவியெடுத்து, வரவேண்டிய தொகைக்குக் கீழே, ஐந்து, நான்கு என்று பென்சிலால் எழுதிக்கொண்டார்.